மேலே போகும் பைப்பின் கதை

போன பதிவில் பணவீக்கத்தைப் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டதாக வகுப்பில் ஏகப்பட்ட புகார். அதனால் இந்த முறை தூக்கமே வராத ஒரு விஷயம். நாற்றம். ஆமாங்க, பாத்ரூம் நாற்றம்தான். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து தொடரவும் :-)

காமர்ஸ் படிக்கிறவனுக்கு பிளம்பிங்கில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கூத்துதான் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாறு பின்னாலேயே வரும்.

எங்க வீட்டுக் கூத்து

எங்கள் வீடு நான் பிறப்பதற்கு முன்னால் கட்டியது. பழைய பாத்ரூம், பின்பக்கம் துவைக்கிற கல். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, பாத்ரூமை உடைத்து வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ் பேசின், ஷவர் எல்லாம் வைத்து, பக்கத்திலேயே சுவரை நகர்த்தி வாஷிங் மெஷினுக்கும் இடம் எடுப்பது என்று முடிவாயிற்று. டைல்ஸ் தேர்ந்தெடுக்க மட்டும் நாலு கடை, மூன்று ஞாயிற்றுக்கிழமை. பைப் எப்படிப் போகிறது என்று பார்க்க ஒருத்தரும் அரை மணி நேரம்கூட செலவழிக்கவில்லை. பைப் என்ன, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடப்போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தோம்.

புது பாத்ரூம் பளபளவென்று இருந்தது. சரியாக இரண்டு வாரம். அப்புறம் நாற்றம் ஆரம்பித்தது. ஃபினாயில் ஊற்றினோம். ஆசிட் ஊற்றினோம். பாச்சை உருண்டை போட்டோம். வாஸ்து சரியில்லை என்று ஒரு மாமா சொன்னார். கடைசியில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த காரணம்: அப்பத்தா சரியாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

நானும்தான் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை. "நான் நல்லாத்தான்யா தண்ணி ஊத்துறேன்" என்று அப்பத்தா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தது. யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல், ராத்திரியில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் இருந்த பழைய கக்கூசுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. அதன் கால் வலிக்காகக் கட்டிய பாத்ரூமை விட்டுவிட்டு! நாங்கள் அதைக் கவனிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

அப்பாவுக்குத் தெரிந்த பழைய பிளம்பர் அண்ணன் ஒருவர் ஒரு நாள் வந்தார். வந்தவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. "மெஷின்ல தண்ணிய வெளியேத்தி விடுங்க" என்றார். மெஷின் தண்ணீரைத் தள்ளியதும் பாத்ரூம் தரையில் இருக்கும் நஹானி டிராப்பில் இருந்து களக் களக் களக் என்று சத்தம். ஜாலியைத் தூக்கி ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். உள்ளே நிற்க வேண்டிய தண்ணீர் பாதிக்கு மேல் காணோம். நேரே மொட்டை மாடிக்குப் போனார். "இங்க ஒரு பைப்பு நின்னுச்சே, எங்க தம்பி?" என்று அப்பாவைக் கேட்டார்.

"அதுவாண்ணே... புது சன்ஷேடுக்கு இடைஞ்சலா இருக்குன்னு எடுத்துட்டாங்க. அதுல தண்ணியே போகலையே. சும்மாதானே நின்னுச்சு."

"அது தண்ணி போறதுக்கு இல்ல தம்பி. காத்து வாரதுக்கு."

அந்த ஒரு வரிதான் என்னை ஒரு மாசம் லைப்ரரியிலும் நெட்டிலும் அலைய வைத்தது. கழிவுநீர்க் குழாய்க்கு எதற்குக் காற்று? இதை யார் கண்டுபிடித்தார்கள்? தோண்டத் தோண்ட அதற்குள் ஒரு இளவரசர், ஒரு கடிகாரக்காரர், ஒரு அமெரிக்க ஜனாதிபதி, ஹாங்காங்கில் ஒரு அடுக்குமாடி எல்லாம் வந்தார்கள்.

கடிகாரக்காரரின் வளைவு

வீட்டுக்குள் குளித்த தண்ணீரை வெளியே விடுவது பழைய வித்தை. மொகஞ்சதாரோவிலேயே செங்கல் பாவிய குளியலறைகளும், தெருவில் மூடிய சாக்கடைகளும் இருந்தன. நம் ஊர்களில் பெரும்பாலும் குளியலும் கக்கூசும் வீட்டை விட்டுத் தள்ளியே இருந்தன. நாற்றத்துக்குச் சுலபமான மருந்து தூரம். பிரச்சினை, அதை வீட்டுக்குள், அதுவும் படுக்கையறைக்குப் பக்கத்தில் கொண்டுவரும்போதுதான்.

இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-லேயே தண்ணீர் ஊற்றித் தள்ளும் கழிப்பறையைப் பற்றிப் புத்தகம் போட்டார். எலிசபெத் ராணிக்கு ஞானமகன் அவர். ஆனால் அதில் கீழே இருந்து வரும் நாற்றத்தைத் தடுக்கச் சரியான வழி இல்லை.

வழி சொன்னவர் அலெக்சாண்டர் கம்மிங். ஸ்காட்லாந்துக்காரர், லண்டனில் கடிகாரம் செய்தவர். 1775-ல் அவர் வாங்கிய காப்புரிமையில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. கழிப்பறைக்குக் கீழே போகும் குழாயை நேராக விடாமல் எஸ் எழுத்து மாதிரி வளைத்தார். ஒவ்வொரு முறை தண்ணீர் போன பிறகும் கொஞ்சம் தண்ணீர் அந்த வளைவின் அடியில் தங்கிவிடும். கீழே இருக்கும் காற்று அந்தத் தண்ணீரைத் தாண்டி மேலே வர முடியாது. அவ்வளவுதான். கதவு இல்லை, பூட்டு இல்லை, தண்ணீரேதான் கதவு. போகிறவனுக்குத் திறக்கும், வருகிறவனுக்கு மூடும். மூன்று வருஷம் கழித்து 1778-ல் ஜோசப் பிராமா என்ற தச்சர் இதை மேம்படுத்தி விற்று நல்ல காசு பார்த்தார்.

இன்றைக்கு உங்கள் வாஷ் பேசினுக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரிகிற அந்த வளைவு இதன் வாரிசுதான். உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். உங்கள் வீட்டுக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் நடுவில் நிற்பது அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டுமே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாற்றம்தான் நோய் என்று நம்பிய காலம்

19-ஆம் நூற்றாண்டு லண்டனில் பெரும்பாலான டாக்டர்களும் அதிகாரிகளும் கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று நம்பினார்கள். 1842-ல் ஏழைத் தொழிலாளர்களின் சுகாதாரம் பற்றிப் பெரிய அறிக்கை கொடுத்த எட்வின் சாட்விக் இதில் ரொம்பத் தீவிரம். எங்கே நாற்றமோ அங்கே நோய் என்பது அவருடைய கட்சி. அதனால் வீட்டுக்கு அடியில் இருந்த கழிவுக் குழிகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் சாக்கடையில் விடச் சொன்னார்கள். சாக்கடை நேராகப் போனது தேம்ஸ் நதிக்கு. லண்டன் குடித்ததும் பெரும்பாலும் அதே நதியைத்தான். காலரா 1832, 1849, 1854 என்று திரும்பத் திரும்ப வந்தது.

1854-ல் ஜான் ஸ்நோ என்ற டாக்டர், பிராட் தெருவில் ஒரு அடிபம்பைச் சுற்றித்தான் சாவுகள் குவிகின்றன, காலரா தண்ணீரில் வருகிறது என்று காட்டினார். பெரிதாக யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் பார்லிமென்ட் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். மூக்கில் பட்டதும் சட்டம் வேகமாக நகர்ந்தது. ஜோசப் பாசல்ஜெட் என்ற இன்ஜினியர் சுமார் 130 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய இடைமறிப்புச் சாக்கடைகளைக் கட்டி, கழிவை நகரத்துக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார். 1866-ல் கடைசியாகக் காலரா வந்தபோது, அந்த வேலை முடியாமல் இருந்த கிழக்கு லண்டனில்தான் கடுமையாக அடித்தது.

நாற்றத்தை ஒழிக்கக் கட்டியது தண்ணீரைச் சுத்தமாக்கியது. தப்பான காரணத்துக்காகச் செய்த சரியான வேலை. பரீட்சையில் கணக்கு தப்பாகப் போட்டு விடை மட்டும் சரியாக வருமே, அந்த மாதிரி :-)

ஆனால் இதில் ஒரு புதுச் சிக்கல். முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழி. இப்போது ஊரில் உள்ள எல்லா வீடுகளும் ஒரே குழாய் வலையில். பணக்கார வீட்டுப் படுக்கையறைப் பேசினும், சேரியின் சாக்கடையும், ஆஸ்பத்திரியின் கழிவும் ஒரே காற்றில் இணைந்திருக்கின்றன. நடுவில் அதே இரண்டு அங்குலத் தண்ணீர்.

இளவரசருக்கு வந்த காய்ச்சல்

1861 டிசம்பர் 14 அன்று விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். டைபாய்டு என்று டாக்டர்கள் சொன்னார்கள். சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1871-ல் அவர்கள் மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர், ஸ்கார்பரோவில் லண்டஸ்பரோ லாட்ஜ் என்ற பங்களாவில் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்து டைபாய்டில் படுத்தார். அதே பங்களாவில் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு செத்துப்போனார். இளவரசரின் குதிரைக்காரரும் செத்துப்போனார். அப்பா இறந்த அதே டிசம்பர் 14 நெருங்க நெருங்க நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. இளவரசர் பிழைத்துக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. பாசல்ஜெட் கட்டிய கிராஸ்னஸ் பம்பிங் ஸ்டேஷனை 1865-ல் திறந்து வைத்ததே இதே இளவரசர்தான்! நாட்டின் மிகப் பெரிய சாக்கடைத் திட்டத்தைத் திறந்து வைத்தவருக்கு ஒரு பங்களாவின் குழாயால் ஆபத்து வந்துவிட்டதாக ஊரே பேசியது.

உண்மையில் டைபாய்டு அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருவது. அதன் கிருமியை கார்ல் எபர்த் 1880-ல்தான் அடையாளம் கண்டார். ஆனால் 1871-ல் எல்லோரும் பழி போட்டது சாக்கடை வாயுவின் மேல். ஏழைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள் அழுக்கு என்று சொல்லிவிடலாம். இளவரசருக்கு வந்தால் அப்படிச் சொல்ல முடியாதே. குழாயைத்தான் பார்த்தாக வேண்டும். வசதியானவர்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் வீட்டுக் குழாய்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். லீட்ஸ் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் டி. பிரிட்ஜின் டீல் 1878-ல் வீட்டுக் குழாய்த் தவறுகளைப் படம் படமாகப் போட்டு ஒரு புத்தகமே வெளியிட்டார். அதற்கு முந்தின வருஷம் ஸ்டீவன்ஸ் ஹெல்யர் என்ற லண்டன் பிளம்பர், பிளம்பர்களுக்கும் வீட்டுச் சுகாதாரத்துக்கும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். டிராப்பில் தண்ணீர் ஏன் காணாமல் போகிறது என்று குழாய்களைப் பொருத்திச் சோதனை செய்து பார்த்தவர் அவர். எழுதியது டாக்டர் இல்லை, பிளம்பர். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தண்ணீரைத் திருடும் காற்று

இப்போது எங்கள் வீட்டு களக் களக்குக்கு வருவோம்.

ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் முக்கி, மேல் ஓட்டையை விரலால் மூடித் தூக்குங்கள். தண்ணீர் கீழே விழாது. விரலை எடுத்தால் பொத்தென்று விழும். மேலிருந்து காற்று வந்தால்தான் தண்ணீர் கீழே போகும். வெந்நீர்க் கேனைக் கவிழ்த்தால் களக் களக் என்று ஊற்றுவதும் இதனால்தான். வெளியே போகும் தண்ணீருக்கு ஈடாகக் காற்று உள்ளே போகப் போராடுகிறது.

சாக்கடைக் குழாயிலும் இதே கதை. மெஷினில் இருந்து நிறையத் தண்ணீர் ஒரே நேரத்தில் இறங்கும்போது அது குழாயை அடைத்துக்கொண்டு பிஸ்டன் மாதிரி ஓடுகிறது. அதற்குப் பின்னால் காற்று குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வர வேண்டும். மொட்டை மாடி வரைக்கும் ஒரு பைப் திறந்திருந்தால் அங்கிருந்து வரும். இல்லாவிட்டால் மிகப் பலவீனமான கதவை உடைத்துக்கொண்டு வரும். எது பலவீனம்? பக்கத்தில் இருக்கும் டிராப்பின் இரண்டு அங்குலத் தண்ணீர். அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் சாக்கடைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தண்ணீருக்கு முன்னால் தள்ளப்படும் காற்றும் சும்மா இருக்காது. அது வேறொரு டிராப் வழியாகக் குமிழி விட்டு மேலே வரும்.

இதற்கு 19-ஆம் நூற்றாண்டு பிளம்பர்கள் கண்ட வைத்தியம்தான் வென்ட் பைப். டிராப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குழாயை மேலே ஏற்றிக் கூரைக்கு வெளியே திறந்துவிடுவது. உள்ளே காற்று குறைந்தால் அங்கிருந்து வரும். கூடினால் அங்கே போகும். டிராப் நிம்மதியாக இருக்கும்.

இதில் எவ்வளவு தூரத்தில் என்பது முக்கியம். சாய்வு ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அங்குலக் குழாய் ஆறு அடி போனால் மொத்தம் ஒன்றரை அங்குலம் இறங்கிவிடும், அதாவது குழாயின் அகலம் முழுவதும். அதற்கு அப்பால் வென்ட் வைத்தால் அதன் வாய், டிராப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். நடுவில் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பினால் காற்று வந்து சேர வழி இல்லை. வென்ட் இருந்தும் இல்லாத கதைதான். எஸ் வளைவில் இந்த இறக்கம் டிராப்பை ஒட்டியே செங்குத்தாக வந்துவிடுகிறது. அதனால்தான் கம்மிங் கண்டுபிடித்த அதே எஸ் வளைவை இன்று அமெரிக்க விதிகள் பேசின்களுக்கு அனுமதிப்பதில்லை. பி வடிவ டிராப்தான் வைக்க வேண்டும். கண்டுபிடித்தவரின் பெயர் நிலைத்தது, பொருள் மாறிவிட்டது.

யார் தலையில் செலவு?

இனிமேல்தான் நம்ம ஏரியா.

1880-களில் அமெரிக்க நகரங்கள் பிளம்பிங் சட்டங்கள் போட ஆரம்பித்தன. ஒவ்வொரு பேசினுக்கும் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி வென்ட் வைக்கச் சொன்ன ஊர்கள் பல. ஒரு சின்ன பாத்ரூமுக்குள் தண்ணீர்க் குழாயைவிடக் காற்றுக் குழாய் அதிகமானது. கட்டட முதலாளிகள் கத்தினார்கள். பாஸ்டனில் ஜே. பிக்கரிங் புட்னம் என்ற கட்டடக்கலைஞர், இவ்வளவு வென்ட் வெட்டிச் செலவு, நல்ல டிராப் இருந்தால் போதும் என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டார். அவரே டிராப் கண்டுபிடித்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாம் படிக்கிற வட்டி முரண்பாட்டுக்கு அழகான உதாரணம் ;-)

இதற்குள் கிருமி இயல் வளர்ந்துவிட்டது. சாக்கடை வாயு நேரடியாக நோய் தருகிறது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1907-ல் ஜிப்ரால்டரில் ஹாரக்ஸ் என்ற ராணுவ டாக்டர், கழிவுநீர் தெறிக்கும்போதும் குமிழிகள் வெடிக்கும்போதும் அதிலிருக்கும் கிருமிகள் குழாய்க் காற்றில் ஏற முடியும் என்று சோதனையில் காட்டினார். கொஞ்ச நாளில் அமெரிக்காவில் வின்ஸ்லோ என்ற ஆராய்ச்சியாளர் நிறைய மாதிரிகள் எடுத்துப் பார்த்து, நடைமுறையில் அந்தக் காற்றில் கிருமிகள் மிகக் குறைவு, பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை என்றார். உலகம் வின்ஸ்லோவின் பக்கம் சாய்ந்தது. ஹாரக்ஸ் சொன்னது அலமாரிக்குப் போனது. இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுத் தட்டுப்பாடு. வீடு கட்டும் செலவைக் குறைக்க வேண்டும். ஊருக்கு ஒரு பிளம்பிங் விதி, எதற்கும் ஆதாரம் இல்லை. அப்போது இதைக் கையில் எடுத்தது சுகாதாரத் துறை இல்லை, வணிகத் துறை! அதன் செயலாளர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். 1921-ல் அவர் ஒரு குழு போட்டார். தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ராய் ஹன்டர் என்ற விஞ்ஞானி குழாய்களைப் பொருத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டு அளந்தார். எந்த வென்ட் அவசியம், எது வீண் என்று முதல் முறையாகக் கணக்கில் வந்தது. 1923-ல் வெளியான அந்த அறிக்கையை ஹூவர் கோடு என்றே கூப்பிட்டார்கள். சின்ன வீடுகளுக்கு நிறைய வென்ட்கள் குறைந்தன. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. அதுதான் விஷயம்.

ஹன்டர் 1940-ல் இன்னொரு அழகான வேலை செய்தார். ஒரு கட்டடத்தில் இருக்கும் எல்லா டாய்லெட்டையும் ஒரே நொடியில் யாரும் ஃப்ளஷ் பண்ணப் போவதில்லை. அப்படியென்றால் எத்தனை ஒன்றாக ஓடும் என்று எதிர்பார்க்கலாம்? நாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் படிக்கும் நிகழ்தகவை எடுத்து அதற்குப் போட்டார். ஒவ்வொரு சாதனத்துக்கும் அது தரும் பாரத்தைப் பொறுத்து ஒரு எண். எல்லா எண்ணையும் கூட்டினால் குழாய் அளவு வந்துவிடும். உலகத்தில் பல நாடுகளில் இன்றும் இந்த முறையின் வழித்தோன்றல்கள்தான் ஓடுகின்றன. பைனாமியல் டிஸ்ட்ரிபியூஷன் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்ட நண்பனுக்கு இந்தப் பத்தி சமர்ப்பணம்.

வாஷிங் மெஷின் வந்த பிறகு இன்னொரு தலைவலி சேர்ந்தது, நுரை. மாடிக் கட்டடங்களில் மேல் மாடியில் துவைத்த டிடர்ஜென்ட் நுரை, குழாய் திரும்பும் அடிப்பகுதியில் போய் அடைத்துக்கொண்டு, காற்றுக்கு வழி விடாமல் கீழ் வீட்டு டிராப் வழியாகப் பொங்கி வந்தது. அந்தப் பகுதியில் கீழ் வீட்டு இணைப்பு கொடுக்கக்கூடாது என்று தனி விதியே பிறந்தது.

ஹாங்காங், 2003

இதுவரை படித்துவிட்டு, சரி, நாற்றம்தானே, உயிரா போய்விடும் என்று தோன்றினால் இந்தப் பகுதி உங்களுக்கு.

ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. 2003 மார்ச் 14, 19 ஆகிய நாட்களில் சார்ஸ் நோய் பிடித்த ஒருவர், ஈ பிளாக்கில் இருந்த தன் சகோதரர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வயிற்றுப்போக்கு. அங்கே டாய்லெட்டைப் பயன்படுத்தினார். சில நாட்களில் அந்தக் குடியிருப்பில் மளமளவென்று ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத, வேறு வேறு மாடியில் இருந்த ஆட்கள். மார்ச் 31 அன்று ஈ பிளாக்குக்கே சீல் வைத்தார்கள். மறுநாள் அங்கிருந்தவர்களைத் தனிமை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

விசாரணை போய் நின்ற இடங்களில் முக்கியமானது பாத்ரூம் தரையில் இருந்த டிராப். அங்கே பலரும் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை, துடைப்பதோடு சரி. அதனால் டிராப் தண்ணீர் ஆவியாகி வறண்டு கிடந்தது. பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் அது காற்றை எங்கிருந்து இழுக்கும்? வறண்ட டிராப் வழியாகச் சாக்கடைக் குழாயில் இருந்து. குழாயில் தெறித்த கழிவுநீரின் நுண்துளிகளோடு அந்தக் காற்று பாத்ரூமுக்குள் வந்தது. அங்கிருந்து வெளியே போய்க் காற்றோடு மற்ற வீடுகளுக்கும் பரவியது. 1907-ல் ஹாரக்ஸ் ஜிப்ரால்டரில் பார்த்ததும் இந்த மாதிரித் தெறிப்பைத்தான்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை ஒவ்வொரு டிராப்பிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஹாங்காங் அரசு மக்களுக்குச் சொல்ல ஆரம்பித்தது. அரை லிட்டர் தண்ணீர்! ஒரு சொம்பு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கதைக்கு ரொம்பப் பக்கம். 2020 பிப்ரவரியில், கொரோனா ஆரம்ப நாட்களில், அதே ஹாங்காங்கில் ஹாங் மெய் ஹவுஸ் என்ற கட்டடத்தில் பத்து மாடி இடைவெளியில் இருந்த இரண்டு வீடுகளில் நோய் வந்தது. கீழ் வீட்டு பாத்ரூமைப் பார்த்தால், வென்ட் பைப் மாற்றப்பட்டு ஒழுங்காக மூடப்படாமல் இருந்தது. அதன் வழியாகத்தான் வந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் ராத்திரியோடு ராத்திரியாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். சும்மா நிற்கிற பைப் என்று அங்கேயும் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மறுபடி எங்க வீடு

பிளம்பர் அண்ணன் மெஷினுக்குத் தனியாக ஒரு இரண்டு அங்குல நிலைக்குழாயும் அதற்கென்று ஒரு டிராப்பும் வைத்தார். மெஷின் ஹோஸை நஹானி டிராப்பில் சொருகுவதை நிறுத்தினார். புது டைல்ஸில் ஒன்றைக்கூட உடைக்காமல், வெளிச்சுவர் வழியாக வென்ட் பைப்பை மறுபடி மேலே ஏற்றி, மொட்டை மாடிக்கு மேல் நிறுத்தி, கொசு போகாமல் வலை வைத்த மூடி போட்டார். சன்ஷேடில் ஒரு ஓட்டை விழுந்தது. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பைப், எல்போ, கூலி எல்லாம் சேர்த்து டைல்ஸ் செலவில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. மெஷினை ஓட்டினோம். சத்தம் இல்லை. இரண்டு நாளில் நாற்றமும் போயிற்று.

பாத்ரூமையும் துணி துவைக்கும் இடத்தையும் மாற்றிக் கட்டப் போகிற வீடுகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் குழாய்ப் படம் போடுங்கள். எங்கே எந்தத் தண்ணீர் இறங்குகிறது, எங்கே டிராப், எங்கிருந்து காற்று என்று மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர் போகாத பைப் நின்றால் அதை எடுக்காதீர்கள். அதிகம் புழங்காத பாத்ரூம் இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை தரையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். களக் களக் சத்தம் கேட்டால் ஃபினாயில் வாங்கப் போகாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று. லண்டனில் ஏழைகளை அழுக்கு என்று சொன்னார்கள். தவறு பாதி தண்ணீரிலும் பாதி குழாயிலும் இருந்தது. நாங்கள் அப்பத்தாவைச் சொன்னோம். தவறு மொட்டை மாடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கோளாறு இருந்தால், கண்ணுக்கு முன்னால் இருக்கிற, எதிர்த்துப் பேசாத ஆள் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக வருகிறது!

அப்பத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னய்யா" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அதான் தண்ணி ஊத்துறேன்னு சொன்னேன்ல" என்றது. அன்று ராத்திரி டார்ச் லைட் ஆணியிலேயே தொங்கியது.

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் சும்மா நிற்கிற பைப் இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம். பணவீக்கம் இல்லை, பயப்பட வேண்டாம் :-)